வாசற்படியில் இருந்த பூட்ஸ்

அத்தியாயம் 9

போன வாரம் சௌந்தர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்ன ஒரு பேச்சோடு பூங்கோதையை விட்டுவிட்டு வந்தோம். "புது வருஷம் பொறந்ததும் உன் தம்பி வேற இடம் பார்த்துக்கட்டும்." பதிலுக்குக் கோதை ரசம் ஊற்றினாள். ரசம் ஊற்றுகிற மனைவி சம்மதித்துவிட்டாள் என்று நம்பும் ஆண்களில் சௌந்தரும் ஒருவன்.

அவனைக் கல்நெஞ்சன் என்று வாசகர்கள் திட்டிவிடக் கூடாது. இரண்டு அறை வீடு. கூடத்து சோபாவில் பத்து மாதமாக ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை படுத்து எழுந்தால் யாருக்கும் சலிப்பு தட்டத்தான் செய்யும்.

தம்பி அழகருக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். ஆலையை மூடிவிட்டார்கள். வேலை தேடுவதற்கென்றே கொடுக்கும் ஒரு வருஷ விசாவில் ஜெர்மனிக்கு, அக்கா வீட்டுக்கு, வந்து சேர்ந்தான். அந்த வருஷம் ஜனவரியோடு முடிகிறது. கெம்ப்டன் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடும் பாலும் சீஸும்தான். ஆனாலும் இவனுக்கு மட்டும் எந்த ஆலையின் கதவும் திறக்கவில்லை.

கடைசியில் திறந்துவிட்டவள் கீழ்வீட்டு கத்ரின். ஊருக்கு வெளியே ஒரு சீஸ் ஆலையில் அவள் மேற்பார்வையாளர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அழகர் அங்கே போய் ஒரு நாள் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை, விசா, எல்லாம். முதலாளியிடம் கத்ரின் தன் வாயால் சொல்லியிருந்தாள், நம்பகமான ஆள் என்று. அந்த ஊர்க்காரர்கள் அப்படி ஒரு சொல்லை லேசில் சொல்லிவிட மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம், டிசம்பர் ஐந்தாம் தேதி, மொழி வகுப்பு முடிந்து வந்த அழகர் கையில் ஒரு ஜோடி பூட்ஸோடு வீட்டுக்குள் நுழைந்தான்.

கருநீலம். உள்ளே கம்பளி. ஏழு வயதுக் காலுக்கு அளவெடுத்தது போல இருந்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் வேறு.

"கீழ வாசப்படியில இருந்துச்சுக்கா. அந்த ஸ்டூடண்ட் வச்சிருக்கான்ல, பொட்டி, அதை ஒட்டியே இருந்துச்சு. நம்ம கயலுக்குச் சரியா இருக்கும்."

வீட்டைக் காலி செய்யும் மாடி மாணவன் ஒருவன் ஒரு வாரமாகத் தெருவாசலில் பெட்டி வைத்திருந்தான். 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. இந்த ஊரில் அப்படி வைத்ததை யாரும் எடுக்கலாம், வெட்கப்படத் தேவையில்லை என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே கோதைதான். அவனும் வெட்கப்படவில்லை. ஒரு மேஜை விளக்கு, ஒரு இஸ்திரிப் பெட்டி, ராணி இல்லாத சதுரங்கம் என்று கொண்டு வந்து சேர்த்திருந்தான். இன்னும் கொஞ்ச நாளில் உன் தம்பி தெருவையே சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று சௌந்தர் கேலி செய்வதுண்டு.

மகள் கயலின் பழைய பூட்ஸ் விரலைக் கடிக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. கோதைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. பிள்ளை தூங்கியதும் அந்தப் பூட்ஸுக்குள் ஆரஞ்சுப் பழம், வால்நட், சாக்லேட் எல்லாம் போட்டு அறைவாசலில் வைத்தாள். அன்றைக்கு ராத்திரிதான் நிக்கோலாஸ் என்கிற புனிதர் வந்து நல்ல பிள்ளைகளின் பூட்ஸை நிரப்பிவிட்டுப் போகிற ராத்திரி.

சனிக்கிழமை விடிந்ததும் வீடு அதிர்ந்தது. "அம்மா, நிக்கோலாஸ் எனக்குப் பூட்ஸையே குடுத்துட்டாரு" என்று கயல் ஓடிவந்தாள். அழகர் சோபாவில் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிச் சிரித்தான். ஜெர்மனிக்கு வந்து பத்து மாதத்தில் அவனால் அந்த வீட்டுக்கு ஆன முதல் நல்ல காரியம் அது. அவன் முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

ஏழரைக்குக் கீழ்வீட்டு மோரிட்ஸ் மேலே வந்தான். கத்ரினின் ஒரே மகன், கயலின் வகுப்புத் தோழன். கத்ரினுக்குச் சனிக்கிழமை வேலை விழுந்தால் பையன் இவர்களோடு இருப்பான். அன்றைக்கு எல்லாருமாகப் பனிச்சறுக்குப் போவதாக ஏற்பாடு. மற்ற நாளில் படி ஏறும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற பயல் வாசலில் பேசாமல் நின்றான். காலில் மழைக்குப் போடுகிற மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.

கயல் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். மோரிட்ஸ் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். "அழகா இருக்கு" என்றான்.

தூக்கக் கலக்கம் என்று கோதை நினைத்தாள். தாய்மார்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை அவ்வளவுதான் படிக்கிறார்கள்.

ஊருக்குப் பின்னால் கோடையில் மாடு மேய்கிற மேடு, பனி விழுந்துவிட்டால் பாதி ஊரைத் தாங்கும். முந்தின இரண்டு நாளும் நன்றாகக் கொட்டியிருந்தது. சௌந்தர் மரச் சறுக்குவண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அழகர், மாமாவின் பழைய கோட்டுக்குள் இன்னும் இரண்டு பேர் நுழையலாம் என்கிற மாதிரி, தக்காளி சாதப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

முதல் சறுக்கலிலேயே சௌந்தர் வண்டியோடு கவிழ்ந்து மீசையெல்லாம் பனியாக எழுந்தான். அழகர் சிரிக்கலாமா கூடாதா என்று அக்காவைப் பார்த்தான். கோதை முதலில் சிரித்துவிட்டதால் அவனும் சிரித்தான். சௌந்தருக்கே சிரிப்பு வந்தது. இப்படியே ஒரு நாள் போனால் புது வருஷப் பேச்சையே இந்த மனுஷன் மறந்துவிடுவார் என்று அவள் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டாள்.

மோரிட்ஸ் மட்டும் ஒட்டாமல் நின்றான். வண்டியின் முன்சீட்டுக்கு எப்போதும் கயலோடு குடுமிப்பிடிச் சண்டை போடுகிறவன், அன்றைக்குத் தானாகவே விட்டுக்கொடுத்தான். நீயே உட்கார் என்றான். தன் முறை வந்தபோதும் அவளையே போகச் சொன்னான்.

நாலாவது சறுக்கலில் கயலின் ஒரு பூட்ஸ் பனியில் மாட்டிக் கழன்றுகொண்டது. கோதை அதை எடுத்து உள்ளே போன பனியைத் தட்டினாள். கம்பளி மடிப்பு விலகியது. அடியில் ஒரு வெள்ளைத் துணி நாடா தைத்திருந்தது. அதில் மையால் எழுதியிருந்தது: மோரிட்ஸ்.

அவள் நிமிர்ந்தபோது பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவள். ஐந்தாம் தேதி சாயங்காலம் வாசலில் ஒரு ஜோடி சின்னப் பூட்ஸ் பாலிஷ் போட்டு வைத்திருந்தால் அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவளே அன்றைக்கு ராத்திரி ஒரு ஜோடியை நிரப்பி வைத்தாள். பெட்டியை ஒட்டி இருந்தது என்று தம்பி சொன்னதும், ஓசியில் கிடைத்த சந்தோஷத்தில் புத்தி கண்ணை மூடிக்கொண்டது. அழகருக்காவது தெரியாது. எனக்கு என்ன வந்தது என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பையனைத் தனியாகக் கூட்டிப் போய், இது உன்னுடையதுதானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"என்னோடதுதான். ஆனா இப்ப கயலோடது. நிக்கோலாஸ் எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாரு."

"அவர் ஏன் உன்னோடத எடுக்கணும்?"

மோரிட்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் குனிந்த பிறகு காதில் சொன்னான். அவன் அம்மாவுக்கு டிசம்பர் மாதக் கதவு அட்டை ஒன்று அவள் அக்கா வருஷா வருஷம் அனுப்புவாள். இருபத்துநாலு சின்னக் கதவு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாக்லேட், நாளுக்கு ஒன்று. மூன்றாம் தேதி மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது மிச்சமிருந்த அத்தனை கதவையும் திறந்து தின்றுவிட்டு, பழையபடி மூடி வைத்துவிட்டான். நாலாம் தேதி அம்மா திறந்தாள், காலி. ஐந்தாம் தேதியும் காலி. அம்மா அட்டை செய்த கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள்.

கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதான் நான் பூட்ஸுக்கு ரெண்டு தடவை பாலிஷ் போட்டேன். நிக்கோலாஸ் கண்ணுல மொதல்ல படட்டும்னு கீழ தெருவாசல்லயே வச்சேன். அவர் பார்த்துட்டாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

சாப்பாடு எடுக்கிற சாக்கில் கணவனையும் தம்பியையும் மரத்தடிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அழகருக்கு அந்த வழக்கமே அப்போதுதான் புரிந்தது. தக்காளி சாதப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

சௌந்தர் திட்டுவான் என்று கோதை எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் பூட்ஸைத் துடைத்து, சாக்லேட் நிரப்பி, கத்ரின் வருவதற்குள் அவர்கள் கதவு முன்னால் வைத்துவிடலாம் என்றான். நிக்கோலாஸ் மாடி மாறிப்போய்விட்டார் என்று பையனிடம் சொன்னால் தீர்ந்தது. நல்ல எண்ணத்தோடு, கையோடு போய் மோரிட்ஸிடம் சொல்லியும் பார்த்தான்.

பையன் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினான். நிக்கோலாஸிடம் தங்கப் புத்தகம் இருக்கிறது, அதில் எல்லாப் பிள்ளைகளும் செய்தது எழுதியிருக்கும், அவர் தப்பே பண்ண மாட்டார், எனக்குத் தெரியும் என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் போய்த் தனியாக நின்றுகொண்டான்.

திரும்பி வந்த சௌந்தர், "புத்தகமெல்லாம் வச்சிருக்காராம். விசா ஆபீஸ் தேவலாம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"நான் கத்ரின்கிட்ட சொல்லிடறேன்க்கா" என்றான் அழகர். "அந்தப் பயகிட்டயும்."

அப்போது கோதை சொன்ன வார்த்தையை அவள் வெகுநாள் மறக்கப் போவதில்லை. "திங்கக்கிழமை மட்டும் முடியட்டும்டா. அப்புறமா சொல்லிக்கலாம்."

சொன்ன உடனே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. திருடன் என்று பேர் வாங்கியவனை எந்த மேற்பார்வையாளர் ஆலைக்குள் கூட்டிப் போவாள்? ஜனவரி போனால் தம்பி போய்விடுவான். மதுரையில் அவனுக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை.

"உங்க அக்கா சொல்றதுதான் சரி" என்றான் சௌந்தர். "ரெண்டு நாள். பையனுக்கு என்ன குறைஞ்சு போயிரும்?"

அழகர் மாமாவை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவன் தன்னைக் கெட்ட பயன்னு நெனைச்சுக்கிட்டு நிக்கிறான், மாமா. அந்த ரப்பர் பூட்ஸுக்குள்ள காலு நனைஞ்சிருக்கும். ரெண்டு நாளு ரொம்ப ஜாஸ்தி."

அவன் நேரே பையனிடம் நடந்தான். பனியில் முட்டி போட்டான். பத்து மாதம் வகுப்பில் படித்த ஜெர்மன் அத்தனையையும் சேர்த்து நாலு வாக்கியம் சொன்னான். நிக்கோலாஸ் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். பெட்டியோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மோரிட்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப திருடன் நீயா?"

"நான்தான்."

பையனின் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு யோசனை வந்தது. "அப்ப புத்தகத்துல என் தப்பு எழுதலையா?"

புத்தகத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது, பூட்ஸைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றான் அழகர். அது போதுமானதாக இருந்தது. மோரிட்ஸ் இரண்டு கையாலும் பனியை அள்ளி அழகரின் முகத்திலேயே அடித்தான். பிறகு அழுதான். அழுதுகொண்டே இன்னொரு கை அள்ளி அடித்தான். அழகர் விலகவில்லை.

கயலுக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சறுக்குவண்டியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. "சாக்லேட் ரெண்டு தின்னுட்டேன், மோரிட்ஸ்" என்று கணக்கை ஒப்புவித்தாள். வீடு வரைக்கும் காலுறையோடு அழகர் மாமாவின் முதுகில் சவாரி.

இரண்டு மணிக்கு கத்ரின் மகனைக் கூப்பிட மேலே வந்தாள். வேலைக் களைப்பு. தலைமுடியில் இன்னும் வலைத்தொப்பியின் தடம். அழகர் கதவருகிலேயே காத்திருந்தான். கோதை மொழிக்கு உதவியாகப் பக்கத்தில் நிற்க வந்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொல்லிவிட்டான். அதே நாலு வாக்கியம்.

கத்ரின் கடைசி வரை கேட்டாள். ராத்திரி நிரப்பலாம் என்று பார்த்தால் கதவுக்கு வெளியே பூட்ஸே இல்லையாம். பையன் வைக்க மறந்துவிட்டான், சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாளாம். காலையில் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகனைக் கேட்டாள்.

மோரிட்ஸ் அழகரைப் பார்த்தான். பிறகு கதவு அட்டைக் கதையை, மூன்றாம் தேதியிலிருந்து, ஒன்று விடாமல் சொன்னான். கம்பெனிக்குப் போன கடிதத்தை நினைத்தோ என்னவோ, கத்ரினுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. குனிந்து மகனின் தொப்பியைச் சரி செய்தாள். கீழே போய் அந்தக் கம்பெனிக்கு நீயே மன்னிப்புக் கடிதம் எழுதுகிறாய் என்றாள்.

நிமிர்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்க தெரிஞ்சு எடுக்கல. அதை நான் நம்புறேன். ஆனா உங்களைப் பத்தி எங்க முதலாளிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன். இதை மறைச்சு வச்சுக்கிட்டு அதே வார்த்தையை இனி என்னால சொல்ல முடியாது. திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

கோதைக்குப் பொறுக்கவில்லை. "சொன்னா வேலை?"

"தெரியாது. அது அவர் முடிவு." கத்ரின் பூட்ஸை வாங்கிக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "அஞ்சரைக்கு என் கார் கிளம்பும். தாமதிக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. அழகர் நேரே சோபாவுக்குப் போய்த் தன் போர்வையை மடிக்கத் தொடங்கினான். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை அது. கோதை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுதால் சத்தம் கேட்காது என்பதற்காக.

நான் அவனைத் தடுத்தேன் என்பதே அவளுக்குத் தாங்கவில்லை. அவன் வேலைக்கு நான் பயந்தேன். அவன் ஒரு குழந்தைக்குப் பயந்தான். எப்போது இவன் என்னைவிடப் பெரியவன் ஆனான் என்று நினைத்தபோது கர்வமாகவும் இருந்தது, தம்பியைப் பார்க்க முகமில்லாமலும் இருந்தது.

சௌந்தர் பின்னால் வந்து குழாயை மூடினான். தண்ணீர் வீணாவது அவனுக்குப் பிடிக்காது. கையில் போன். எதையோ நிறுத்தி நிறுத்தித் தட்டிக்கொண்டிருந்தான். யாருக்கு என்று கேட்டாள்.

"ஆபீஸுக்கு. திங்கக்கிழமை லீவு."

"எதுக்கு?"

"அந்த முதலாளி முன்னாடி இவன் தனியா நின்னா, எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன், பிள்ளையோட பூட்ஸை எடுத்தவன். அவ்வளவுதான் தெரியும். பக்கத்துல ஒரு ஆளு நிக்க வேணாமா?"

அவள் முகத்தைத் துடைத்தாள். இந்த மனுஷனோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை.

"அவர் நீங்க யாருன்னு கேட்டா?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி சௌந்தர் எரிச்சலோடு பார்த்தான். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி சொன்னான்.

"என் மச்சினன், எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்றது?"

கூடத்தில் போர்வை மடிக்கும் சத்தம் நின்றது. கோதை இந்த முறை குழாயைத் திறக்காமலேயே அழுதாள். சீஸ் ஆலை முதலாளி என்ன சொல்வார் என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. அதற்கு நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடந்தது.